வணங்காக் கழுத்தும் நீடிய பொறுமையும்

பதுளை நகரிலே புனித மாற்கு ஆலயம் என்ற அங்கிலிக்கன் கோயில் ஒன்று உண்டு. பெரிய கோயில் அல்ல. உள்ளே சென்று சுவரில் பதித்திருக்கும் நினைவுக்கல்லை வாசித்தால், அந்தக் கோயிலே ஒரு மனிதருக்கு எழுப்பிய ஞாபகச் சின்னம் என்பது தெரியவரும். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பது அவர் பெயர். பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். 1845ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

கல்லில் இல்லாத செய்தி ஒன்றும் அவரைப் பற்றி உண்டு. அது மக்கள் வாயில் இருக்கிறது. இந்த மேஜர் சுட்டுத்தள்ளிய யானைகளின் தொகை ஆயிரத்து நானூறுக்கு மேல் என்பதே அது. இன்று கேட்டால் நெஞ்சு பதறும். அன்று அது வீரமாகக் கருதப்பட்டது. யானையைப் பயிருக்குப் பகை என்று எண்ணி, கொன்றவருக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. மேஜரின் உடல் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. அந்தக் கல்லறையையும் இடி விடவில்லை, மீண்டும் மீண்டும் விழுந்து கல்லைப் பிளந்தது என்று மலைநாட்டில் கதை சொல்வார்கள். சிங்களக் கிராமத்தவர் கர்மம் என்றனர். நம்மவர் யானைப் பழி என்றனர். கிறிஸ்தவர் சிலர் தேவ கோபம் என்றனர். பெயர்கள் மூன்று என்றாலும் எண்ணம் ஒன்றுதான்.

எனக்கோ இந்தக் கதையில் கணக்கு ஒன்று இடிக்கிறது. இது தண்டனை என்றால் முதல் யானை விழுந்தபோது வந்திருக்க வேண்டாமா? நூறாவதில் வரவில்லை. ஆயிரமாவதிலும் வரவில்லை. ஆயிரத்து நானூறு வரை பொறுத்திருந்தவர் ஒரு மழைநாளில் திடீரெனப் பொறுமை இழந்தார் என்றால், அந்தப் பொறுமைக்கு என்ன பொருள்? கொல்லப்பட்ட யானைகளின் பக்கத்தில் நின்று பார்த்தால், இது பொறுமையா, பாராமுகமா என்றுகூடக் கேட்கத் தோன்றும்.

நேயர் ஒருவரும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். மனிதன் திருந்தமாட்டேன் என்று நிற்கிறான், கடவுள் பொறுத்துக்கொண்டே இருக்கிறார் என்று உங்கள் வேதம் சொல்கிறதே, இதனால் இடையில் நசுங்குகிறவனுக்கு என்ன ஆறுதல் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் தேடுமுன் சொற்களைச் சற்றுப் பார்ப்போம். இது இலக்கியத் தொடர். சொற்களில் தொடங்குவதுதான் நமக்கு மரியாதை.

பழைய ஏற்பாட்டில் மோசேயோடு எகிப்திலிருந்து புறப்பட்ட மக்களை வைவதற்கு ஒரு சொல் அடிக்கடி வருகிறது. எபிரேய மொழியில் அதற்குக் கழுத்து கடினமானவர்கள் என்றுதான் பொருள். நுகம் வைக்கப்போனால் கழுத்தைக் கொடாமல் விறைத்து நிற்கும் மாட்டை நினைத்துச் சொன்னது. தமிழில் வேதத்தைப் பெயர்த்தவர்கள் அதை ‘வணங்காக் கழுத்து’ என்று ஆக்கினார்கள். இது சாதாரணமான சாமர்த்தியம் அல்ல. வணங்குதல் என்றால் நம் மொழியில் வளைதலும் உண்டு, தொழுதலும் உண்டு. எபிரேயச் சொல்லில் மாடு மட்டும் இருந்தது. தமிழ்ச் சொல்லிலே மாடும் கோயிலும் சேர்ந்து வந்துவிட்டன. மொழிபெயர்ப்பு சில வேளைகளில் மூலத்தைவிட ஓர் அடி முன்னே போகும் என்பதற்கு இதை நான் உதாரணமாகச் சொல்வதுண்டு.

மறுபக்கச் சொல் இன்னும் சுவையானது. கடவுளை நீடிய பொறுமையுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர் என்று தமிழ் வேதம் சொல்கிறது. அதென்ன ‘நீடிய’? பொறுமையுள்ளவர் என்றால் போதாதா? எபிரேயத்தில் இந்த இடத்தில் இருக்கும் சொற்களை அப்படியே தமிழாக்கினால் ‘மூக்கு நீண்டவர்’ என்று வரும். சிரிக்க வேண்டாம். கோபம் வந்தால் மூச்சுச் சூடாகிறது, மூக்கு விடைக்கிறது. ஆகவே அவர்களுக்கு மூக்குத்தான் கோபத்தின் இருப்பிடம். நமக்கும் அப்படித்தானே? எதற்கெடுத்தாலும் சீறுகிறவனை, அவனுக்கு மூக்கின்மேல் கோபம் என்கிறோம். மூக்கு நீளமானவருக்குக் கோபம் நுனிக்கு வந்துசேர நெடுநேரம் ஆகும். மூக்கை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட தமிழ், அதை ‘நீடிய’ என்று வைத்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட மூக்கு உடையவருக்குக் கோபமே வராது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. வரத் தாமதமாகும் என்றுதான் சொல்கிறது. அநீதியைக் கண்டு எதுவும் தோன்றாமல் இருப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை. அது மரத்துப்போன நிலை. நேயரின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு லூக்காவிடம் போகவேண்டும்.

லூக்கா எழுதிய நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில் சிலர் இயேசுவிடம் ஒரு கொடுஞ்செய்தி கொண்டுவருகிறார்கள். பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டுவித்தான் என்ற செய்தி. அவர் அதனோடு இன்னொன்றையும் தாமாகவே சேர்க்கிறார். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் ஊரிலிருந்த மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். நீங்கள் மனந்திரும்புங்கள் என்பது அதற்கு அடுத்த பேச்சு. செத்தவனின் பாவத்தைக் கணக்குப் பார்க்க வந்தவர்களை, உன் கணக்கைப் பார் என்று திருப்பி அனுப்பிய இடம் இது.

ரொஜர்ஸ் மேஜரின் மின்னலுக்கும் இதே பதில்தான் என்று நினைக்கிறேன். யானைகளைக் கொன்றது கொடுமை. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் மின்னலைக் கொண்டு தீர்ப்பு எழுத நமக்கு அதிகாரம் தரப்படவில்லை.

இந்தப் பேச்சு முடிந்த கையோடு லூக்கா ஒரு கதையை வைக்கிறார். ஒருவன் தன் திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் நட்டிருந்தான். மூன்று வருடமாக வந்து வந்து கனி தேடினான். ஒன்றும் இல்லை. வெட்டிப்போடு, இடத்தை ஏன் கெடுக்கிறது என்றான். தோட்டக்காரன் தடுத்தான். இந்த ஒரு வருடம் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன், காய்த்தால் சரி, இல்லாவிட்டால் பிறகு வெட்டலாம் என்றான். கதை அவ்வளவுதான். அடுத்த வருடம் மரம் காய்த்ததா இல்லையா என்று லூக்கா சொல்லவில்லை.

ஊவாவில் இருந்து வாசிக்கிறவனுக்கு இந்தக் கதை பலஸ்தீனத்தில் நடந்ததாகவே தோன்றாது. தோட்டம் என்ற சொல் போதும். பசறையிலோ தெமோதரையிலோ அப்புத்தளையிலோ ‘எந்தத் தோட்டம்?’ என்று கேட்டால் பூந்தோட்டத்தை எவரும் நினைக்கமாட்டார்கள். துரை வந்து மலையைச் சுற்றிப் பார்த்து, இது விளைச்சல் தராது, பிடுங்கு என்பதை நம்மவர் எத்தனை தரம் கேட்டிருக்கிறார்கள்! இங்கே குறுக்கே விழுந்து, ‘ஐயா, இன்னும் ஒரு வருசம்’ என்று சொல்கிற ஆள்தான் அபூர்வம். கங்காணி சொல்லமாட்டார். அவருக்குத் தலைக்காசுதான் கணக்கு. கணக்கப்பிள்ளை செக்ரோலிலிருந்து தலை நிமிரமாட்டார். அதனால்தான் அந்தக் கதையில் வரும் தோட்டக்காரனை நம் மக்கள் கேட்டமாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். தங்களுக்குக் கிடைக்காதவரை யாருக்குத்தான் தெரியாது?

அவன் கேட்ட வேலையும் நமக்குப் பழகிய வேலை. சுற்றிலும் கொத்துவது முள்ளுக்குத்து. எருப்போடுவது உரம் போடுவது. தேயிலைக்கு இதற்குமேல் இன்னொன்று உண்டு, கவ்வாத்து. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை செடியைக் கத்தியால் வெட்டி வெறுங்குச்சியாக்குவார்கள். அதுவரை பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருந்த மலை, வெட்டிய மறுநாள் எரிந்துபோன சுடலைபோலக் கிடக்கும். முதன்முறை பார்க்கிறவன் செடி செத்துவிட்டது என்றே சொல்வான். வெட்டுமுன் செடிக்கு ஓய்வு கொடுப்பதும் உண்டு. வேரிலே மாச்சத்துச் சேர்ந்திருந்தால்தான் அந்த வெட்டைத் தாங்கும், அல்லாவிட்டால் உண்மையாகவே செத்துப்போகும். புதுத்தளிர் எழும்பிப் பறிப்புக்கு வர மாதங்கள் செல்லும். வெட்டாமல் விட்டால் அதே செடி முப்பதடி மரமாகிவிடும். கைக்கு எட்டாது, கூடைக்குக் கொழுந்தும் வராது. (நமது தோட்டத்தில் கனியை எவரும் கேட்பதில்லை என்பது வேறு விடயம். தேயிலை பூத்துக் காய்த்தால் துரைக்குக் கோபம் வரும்.)

கிறிஸ்தவப் பிரசங்கிகள் இந்தக் கவ்வாத்தைப் பிடித்துக்கொண்டு, கடவுள் துன்பத்தால் நம்மை வெட்டித் தளிர்க்கவைக்கிறார் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வெட்டுகிறவன் வேரைப் பார்க்கிறான் என்பதுதான் கவ்வாத்தின் சூட்சுமம். வேரைப் பாராமல் வெட்டியவர்கள் நம் மலையில் நிறையப்பேர். அந்த வெட்டை எல்லாம் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. கோயிலும் போயிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், பலருடைய உடலைக்கூட எடுக்க முடியவில்லை. காலையிலே பாடசாலைக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அகழ்கிறவனையும் தாங்கும் நிலத்தைப் பொறுமைக்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவர். அந்த நிலமே அன்றைக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நாட்டில் எழுந்த பேச்சுத்தான் இன்றைய நமது பொருளுக்கு நெருங்கியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருக்கிறது, அந்த மக்கள் எழும்பவில்லை, பிடிவாதமாக இருந்துவிட்டார்கள் என்றார்கள் பலர். கொழும்பில் இருந்துகொண்டு சொல்வதற்கு எளிதான வார்த்தை. எழும்பி எங்கே போவது? லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். பேர் போட்டால் சம்பளம், போடாவிட்டால் இல்லை. போ என்று சொன்னவர்கள், போய் இருப்பதற்கு ஒரு துண்டுக் காணியைக் காட்டினார்களா? வேறு போக்கிடம் இல்லாமல் இருந்த இடத்திலேயே இருந்தவனுக்குப் பிடிவாதக்காரன் என்று பெயர் வைப்பது சீலோவாமில் செத்தவனைப் பாவி என்பதற்குச் சமம். தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை முகாமில் ஏறத்தாழ இரண்டு வருடம் காத்திருந்த பிறகே வீடு கண்டார்கள். அந்தக் காத்திருப்பை மட்டும் எவரும் பிடிவாதம் என்று சொல்லவில்லை, அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிப் பாராட்டினார்கள். ஏழை அசையாமல் இருந்தால் நமக்கு வசதியானபோது பொறுமை, வசதியில்லாதபோது பிடிவாதம். அகராதி எவர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது.

வேதத்திலே வணங்காக் கழுத்து என்ற ஏச்சு யாருக்குக் கிடைக்கிறது என்றும் பார்க்கவேண்டும். அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் நின்று முறுமுறுத்த மக்களுக்கு அது கிடைத்தது உண்மை. ஆனால் எகிப்திலே பத்து வாதைகள் வந்தும் மனம் இளகாமல் நின்றவன் கூலியில்லாமல் செங்கல் அறுப்பித்த அரசன். கழுத்து அவனுக்கும் இருந்தது. அதன்மேல் நுகம் ஒருபோதும் வைக்கப்பட்டதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஓர் இலக்கியச் செய்தி. ஆங்கிலத்தில் ஜோன் பன்யன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையை நம்மில் பலர் அறிவோம். அதைத் தழுவித்தான் திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற தமிழ்க் காவியத்தைச் செய்தார். 1894இல் அது அச்சேறியது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதைக் கடந்தபின் 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பன்யன் கதையில் யாத்திரை புறப்பட்டவனைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். ஒருவன் பெயரே பிடிவாதக்காரன் என்று பொருள்படும். மற்றவன் யார் எது சொன்னாலும் இளகுகிறவன். பிடிவாதக்காரன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறான், பிறகு கதையில் அவனுக்கு வேலையில்லை. இளகின மனத்தவன் கூடவே போய் முதல் சேற்றிலேயே அலுத்து ஓடிவிடுகிறான். ஆக, விறைப்பு மட்டுமல்ல, வளைவும் ஊர்போய்ச் சேர்வதில்லை.

பிடிவாதக்காரனைப் படைத்த பன்யனே அந்நாளில் பெரும் பிடிவாதக்காரர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். சொல்லவில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு வருடம் பெட்போர்ட் சிறையில் கிடந்தார். வீட்டில் மனைவியும் கண் தெரியாத மகளும் இருந்தார்கள். அவரைச் சிறையில் போட்டவர்கள் அவருக்கு வணங்காக் கழுத்து என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஊவாவிலும் அப்படி ஒரு கழுத்து இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

1972இல் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளையைப் பிரித்துப் புதிய மறைமாவட்டம் ஆக்கினார்கள். கண்டிக்கு ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார. பழம்பெருமையும் வசதியும் உள்ள கண்டியை விட்டு, வசதியற்ற பதுளையைத் தானே விரும்பி ஏற்றுக்கொண்டார். 1982இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். பண்டாரவளையில் அவர் சேவக செவண என்ற குருமடத்தைத் தொடங்கினார். மக்கள் மத்தியில் இருந்தே குருக்கள் உருவாகவேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே பணிசெய்ய வந்தவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ. ரோமிலும் பாரிசிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். பௌத்தத்தை ஆழக் கற்றவர். கவிதையும் எழுதுவார்.

இவர் 1980இல் மொனராகலை மாவட்டத்தின் புத்தளைக்கு இறங்கினார். தேயிலை மலை முடிந்து வறண்ட காடும் சேனைப் பயிரும் தொடங்கும் கீழ் ஊவா அது. அலுகலவிட்ட என்ற பௌத்த கிராமத்தில் ஒரு சிறு வீடு போட்டார். அதற்கு ‘சுப செத் கெதர’ என்று பெயர். கூடவே இரண்டு கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள்.

அந்த மண்ணின் ஞாபகத்தை நேயர்கள் அறியவேண்டும். வெல்லஸ்ஸ என்றால் இலட்சம் வயல் என்று பொருள். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்க வந்த பிரித்தானியப் படை அந்த வயல்களையும் ஊர்களையும் எரித்தது. சிலுவையும் துப்பாக்கியும் ஒரே கப்பலில் வந்திறங்கியதாகத்தான் அந்த ஊரின் நினைவு. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு பாதிரியார் வந்து குடியிருந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? மதம் மாற்ற வந்தவர் என்றார்கள். கதவைச் சாத்தினார்கள். நியாயமான பிடிவாதம்.

அவர் மதம் மாற்ற முயலவில்லை. கோயில் கட்டவில்லை. ஊர் எப்படி வாழ்ந்ததோ அப்படி வாழ்ந்தார். நாட்டு மருந்து, பிள்ளைகளின் படிப்பு, கமக்காரரின் காணிப் பிரச்சினை, விகாரையில் பிக்குமாருடன் பேச்சு என்று வருடங்கள் போயின. சாத்திய கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. நூற்றறுபது வருடப் பகையின் முன்னே அவர் வைத்திருந்த முதலீடு, அங்கேயே இருப்பது என்ற ஒன்றுதான். அத்திமரத்தைச் சுற்றிக் கொத்துகிறவன் வேலை. அதிலும் ஒரு திருப்பம் உண்டு. காய்க்காத மரம் அந்தக் கிராமம் என்று அவர் நினைக்கவில்லை. இத்தனை வருடம் கனி கொடாமல் நின்றது தன் சபைதான் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது.

1987 பிற்பகுதியில் தென்பகுதி எங்கும் இரத்தம். ஒருபக்கம் மக்கள் விடுதலை முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி, மறுபக்கம் அதை நசுக்கிய அரச படைகள். ஊர் இளைஞர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களுக்காகப் பேசியவர்மீது இரண்டு பக்கத்தாருக்கும் சந்தேகம். மிரட்டல்கள் வந்தன. போய்விடுங்கள் என்று அன்புள்ளவர்களும் சொன்னார்கள். இருப்பதா போவதா என்று அந்தச் சிறு வீட்டில் கூடிப் பேசினார்கள். நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்த வீட்டிலேயே பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் அவர் விழுந்தார். வயது அறுபது.

போகவேண்டிய நேரத்தில் போகாதிருந்தது பிடிவாதம் அல்லவா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மீரியபெத்தை மக்களுக்குப் போக்கிடம் இல்லை. இவருக்கு இருந்தது. ரோமும் பாரிசும் தெரிந்தவருக்குக் கொழும்பில் ஓர் அறை கிடைக்காதா? இருந்தும் போகவில்லை. ஊரார் போகமுடியாதபோது தான் மட்டும் போவது அந்த ஏழு வருடத்தையும் பொய்யாக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நேயர் கேட்ட கேள்வியோடு இதை வைத்துப் பார்க்கிறேன். இடையில் நசுங்குகிறவனுக்கு ஆறுதல் என்ன என்று அவர் கேட்டார். ஆறுதல் என்று ஒன்றை எடுத்துக் கொடுக்க என்னிடம் இல்லை. நீடிய பொறுமை என்று வேதம் சொல்வது மேலே மேகத்தில் இருந்துகொண்டு பார்த்திருப்பதை அல்ல, நசுங்குகிற இடத்திலேயே கூடக் கிடப்பதை என்று மைக்கல் ரொட்ரிகோ விளங்கிக்கொண்டார் என்பதை மட்டும் சொல்லமுடியும். அந்த விளக்கத்துக்கு அவர் கொடுத்த விலையை அந்த வீட்டில் பார்த்தவர்கள் உண்டு.

போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் எதிர்த்திசையில் கப்பல் ஏறிய ஒருவர் வேதத்தில் இருக்கிறார், யோனா. அவர் கதையும் லூக்காவின் அத்திமரம் போலப் பதிலில்லாத ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. அவரை அடுத்த உரையில் சந்திப்போம்.